வெயிலுக்கு ஒதுங்க ஓர் அறை

சுவரைத் தொட்டுப் பார்க்க அக்கா புறங்கையைத்தான் வைப்பார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல மெதுவாக வைத்துக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சொல்வார்: "இன்னும் தணியல." சில நாள், "இப்பதான் வழிக்கு வருது."

எழுபதுகளின் பிற்பகுதியில் வேலூரிலிருந்து மாற்றலாகித் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஆபரேட்டராக வந்தேன். செங்கம் ரோட்டில் அவருடைய மெத்தை வீட்டில் மாடியறை காலியாக இருப்பதாக ஆபீசில் யாரோ சொன்னார்கள். போய்க் கதவைத் தட்டினேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி கதவைத் திறந்தார். நான் தனியாகவா இருக்கப்போகிறேன், எந்த ஊர், எந்த ஜாதி என்றெல்லாம் கேட்பார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"நீ ஜாஸ்தி வேர்க்கிறவளா, கம்மியா வேர்க்கிறவளா?"

"சாதாரணமாத்தாங்க வேர்க்கும்."

"வேர்த்தா சொல்லணும். மனசுல வெச்சுக்கக் கூடாது. சொன்னாதானே இன்னா பண்றதுன்னு பாக்க முடியும்."

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். தெருவில் அவருக்கு ஜன்னக்காரம்மா என்று பெயர். காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் வீட்டிலுள்ள அத்தனை ஜன்னலையும் சாத்திவிடுவார். ஊரே காற்றுக்காகக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு விசிறிக்கொண்டிருக்கும்போது, இவர் வீடு மட்டும் ஆளில்லாத வீடுபோல மூடிக் கிடக்கும். பொழுது சாய்ந்து, எதிரே மலையின் பாறைச் சூடும் அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பார். அதற்கும் ஒரு வரிசை உண்டு. மலையைப் பார்த்த ஜன்னல்தான் கடைசி. "அது பகலெல்லாம் குடிச்ச வெயில இப்பதான் துப்பிக்கிட்டு இருக்கும். அவசரப்படக் கூடாது" என்பார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். முதல் கோடையில் நானும் உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் மதிய ஷிப்டுக்குக் கிளம்பும்போது முன்னறை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மாடிப்படியிலிருந்து அந்த அறைக்குள் இறங்கியதும், கிணற்றுக்குள் கால் வைத்ததுபோல இருக்கும். ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வெயிலில் இறங்குவேன்.

அந்த முன்னறைதான் அவருடைய முழு வேலையும். சிவப்புச் சிமெண்டுத் தரை, ஒரு கோரைப்பாய், ஒரு மரப்பலகை, மூலையில் மணல்மேல் உட்கார்த்திய பானை. வேறு சாமான் கிடையாது. மேற்கு வெயில் விழும் வெளிச்சுவரை மறைத்து, அதைத் தொடாமல் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி விட்டுக் கீற்றுத் தட்டி கட்டியிருந்தார். வெயில் தட்டியோடு நின்றுவிடும். இடைவெளியில் காற்று ஓடும். மெத்தையில், அதாவது மொட்டை மாடித் தளத்தில், வருஷா வருஷம் சித்திரைக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பார். அந்த வெள்ளையில் கண் கூசுகிறது என்று எதிர்வீட்டு மாடிக்காரர் சண்டைக்கு வந்தார். "உங்களுக்குக் கண்ணுதாங்க கூசுது. என் வீட்டுக்குத் தலையே வேவுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்புறம் பானைகள். மெத்தைமேல் மண்பானைகளை நெருக்கமாகக் கவிழ்த்து வைத்தால், உள்ளே அடைபட்ட காற்று வெயிலைக் கீழே விடாது என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். ஒரு வண்டி நிறையப் பானை வந்து இறங்கியது. முதலில் என் மாடியறையின் கூரைமேல் வைத்தார்.

"உன் ரூம்ல பாப்போம். நல்லா இருந்தா முன்ரூம் மேல வைக்கலாம்."

"நல்லா இல்லன்னா?"

"உன் ரூம்தானே" என்றார், சிரிக்காமல்.

அறை குளிர்ந்தது உண்மை. ஆனால் இரண்டாவது நாளே குரங்குகள் வந்துவிட்டன. ஒன்று பானையைத் தூக்கிப் பார்த்தது. கீழே போட்டது. அந்தச் சத்தம் அதற்குப் பிடித்துவிட்டது. நான் ஆபீஸ் முடிந்து வரும்போது தெருவெல்லாம் ஓடு. அக்கா கையில் கோலோடு மெத்தையில் நின்றுகொண்டிருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. வழக்கமாக வரும் மேஸ்திரி பாய்தான் வழி சொன்னார்: மிச்சப் பானைகளைக் கவிழ்த்து, மேலே சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து பூசிவிடலாம். குரங்குக்குப் பிடி கிடைக்காது.

"இவ்ளோ பண்றீங்களேம்மா, ஒரு சீலிங் ஃபேன் போட்டுட்டா முடிஞ்சுது" என்றார் பாய்.

"ஃபேன் இருக்கிற சூட்டைத்தான பாய் சுத்தி சுத்தி அடிக்கும்? அதுவும் கரண்டு போற வரைக்கும்தான். எனக்கு கரண்டு இல்லாத நேரத்துலயும் குளுகுளுன்னு இருக்கணும். எந்த நேரத்துல தேவைப்படும்னு தெரியாது."

யாருக்கு, எதற்குத் தேவைப்படும் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவர் செய்ததெல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். சித்திரையிலும் வைகாசியிலும் வெட்டிவேர்த் தட்டியை ஜன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால் அறை மணத்துக்கொண்டு குளிரும். அதையே ஒரு புரட்டாசியில், மழை பெய்து ஓய்ந்த புழுக்கத்தில் செய்தார். அறை இன்னும் மோசமானது. உப்பு கசிந்தது, பாயில் பூஞ்சை பிடித்தது, உள்ளே வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர் மூச்சுத் திணறுகிறது என்று எழுந்து போய்விட்டார். அன்று அக்கா சாப்பிடவில்லை. இரண்டு நாள் அந்தத் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் அதைக் கழற்றி அடுத்த கோடைக்குச் சுருட்டி வைத்துவிட்டு, மேஸ்திரி பாயைக் கூப்பிட்டு, எதிரெதிர்ச் சுவர்களின் உச்சியில் செங்கல்லை எடுக்கச் சொல்லிக் காற்றுப் போக ஓட்டை ஓட்டையான ஜாலி வைத்தார்.

"காத்துலயே தண்ணி நெறைஞ்சு கெடக்குதும்மா. நான் வேற ஊத்துனா அது எங்க போவும்? இந்தக் காலத்துக்குத் தண்ணி வேணாம், ஓட்டம்தான் வேணும். ஒரு பக்கம் வந்து ஒரு பக்கம் போவணும்" என்றார். அதற்குப் பிறகு புழுக்கக் காலம் முழுக்க ஜன்னல்கள் திறந்தே இருந்தன. தெருக்காரர்களுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

எக்ஸ்சேஞ்சில் புதிதாக வந்த மிஷின்களுக்காக ஓர் அறைக்கு ஏசி போட்டார்கள். எங்களுக்கு இல்லை, மிஷின்களுக்கு. நாங்கள் பக்கத்து அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தோம். நான் சொன்னதைக் கேட்டதும் அக்கா அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். கடைக்குப் போனாலும் ஓட்டமாகப் போய் ஓட்டமாக வருகிறவர் அவர். வெளியே கிளம்புவதே அதிசயம். சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஒரு நிமிஷம் அனுமதி வாங்கினேன். உள்ளே நின்று புடவைத் தலைப்பைத் தோளில் போர்த்திக்கொண்டார். வழக்கம்போலப் புறங்கையைச் சுவரில் வைத்தார்.

"இங்க இருந்த சூட்டை எங்க கொண்டுபோய்ப் போடறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவரே கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பெட்டியின் முதுகு சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்து இரைந்துகொண்டிருந்தது. அடியில் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அனல் அடித்தது.

"ஏங்க, இங்க ஏன் உக்காந்துட்டு இருக்கீங்க?" என்று கேட்டார் அக்கா.

"இங்கதாம்மா ட்யூட்டி."

திரும்பி வரும் வழியில், "குளிர்ச்சிதான். ஆனா இந்தச் சத்தத்துல ஒரு மனுஷன் படுத்துத் தூங்க முடியாதே" என்றார். அதுவும் எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு மனுஷன் என்று அவர் சொன்னது பொதுவாக மனுஷனை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு கிரிவலப் பாதையில் இருந்தது. பெரிய கோயிலிலிருந்து கிளம்பி மலையை வலம் வருகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பௌர்ணமிக்குக் கூட்டம் வரும். மற்ற நாளில் சாமியார்கள், வேண்டுதல்காரர்கள், இரண்டொரு வெள்ளைக்காரர்கள். வெயில் காலத்தில் அக்கா வாசல் கதவை மட்டும் ஒருக்களித்து வைப்பார். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கலாம். வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் காலைப் பார்ப்பார். பிறகுதான் முகம். பார்த்ததும் அவருக்கு ஏதோ ஒன்று தணிந்துவிடும். "படுங்க, வெயில் தாழப் போலாம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார்.

அவர் படுப்பது சமையலறையை ஒட்டிய பின்கட்டில். அடுப்புப் புகையும் மேற்கு வெயிலும் சேர்ந்து வேகும் இடம். ஒரு வெள்ளைக்காரப் பையன் முன்னறையில் ஒரு மதியம் தூங்கி எழுந்து, அதை மாச வாடகைக்குக் கேட்டான். நானே மொழிபெயர்த்தேன்.

"இது வாடகைக்கு இல்லன்னு சொல்லு" என்றார் அக்கா.

"நீங்களாவது அதுல படுக்கலாமேக்கா."

"நான் படுத்துட்டா, வர்றவங்க ரூம்ல ஆள் இருக்குதுன்னு போய்டுவாங்க."

அவருடைய அண்ணன் கீழ்பென்னாத்தூரில் ரைஸ்மில் வைத்திருந்தார். மாதம் ஒரு தடவை வேனில் அரிசியும் வேர்க்கடலையும் கொண்டுவந்து இறக்குவார். இந்த வீட்டையும் அவர்தான் பார்த்துக் கொடுத்ததாம். ஒருமுறை அவர் முன்னறையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, நான் படியிறங்கி வந்தேன். பேச்சு உச்சத்தில் இருந்தது.

"ஊருக்கு வந்துடு. பாத்துக்கறதுக்கு ஆள் இல்லாமயா போய்ட்டோம்?"

"இங்க எனக்கு இன்னா கொறை?"

"எவனுக்காக இதெல்லாம்? திரும்பிக் கூடப் பாக்காதவனுக்காக."

"வெயில்ல போறவங்களுக்கு" என்றார் அக்கா. குரல் உயரவில்லை.

அண்ணன் போன பிறகு, நான் கேட்காமலே சொன்னார். அவருடைய கணவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். கல்யாணமாகிக் கொஞ்ச வருஷம், குழந்தை இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. கோடையில் அது அடுப்பாகிவிடும். கணவர் வந்ததும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வாசற்படியில் காலை வாளிக்குள் விட்டு உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார். ஒரு மே மாத மதியம் எழுந்தார். "உள்ள இருக்க முடியல" என்றார். வெளியே போனார். அவ்வளவுதான். அதன் பிறகு வருஷங்கள் போயின. ஒரு தீபத்துக்கு இங்கே வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் காவி வேட்டியில் அவரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"வந்து பாத்தேன். 'கூப்பிடாத'ன்னு சொன்னாரு. சரின்னுட்டேன். கூப்பிட மாட்டேன். ஆனா இந்தப் பக்கமாத்தானே போவாரு, ஒரு நாள் வெயில் தாங்காம ஒதுங்கமாட்டாரா?"

"அக்கா, அவர் வெயிலுக்காகவா போயிருப்பாரு?"

"வேற எதுக்கு? எங்களுக்குள்ள ஒரு சண்ட கெடயாது. 'உள்ள இருக்க முடியல'ன்னுதானே சொன்னாரு. வீடு ஒழுங்கா இருந்திருந்தா இருந்திருப்பாரு. அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. கூரைமேல நாலு கீத்தை எடுத்துப் போடலாம்னு கூடத் தோணல."

மறுநாள் காலையில் ஜன்னல் சாத்தும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வழுக்கைத் தலையும் நரைத்த தாடியுமாக, செருப்பில்லாமல், நிதானமாக ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். மலையை வலம் வருகிறவர்கள் சாலையின் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். எங்கள் வீடும் இடது பக்கம். அவரும் அப்படித்தான் வந்தார். எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். எங்கள் வீட்டைத் தாண்டியதும் மறுபடி இடப்பக்கத்துக்கு வந்துவிட்டார்.

"தெனம் அப்படித்தான்" என்றார் அக்கா. அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஏதோ ஒரு மரியாதை தனக்குக் கிடைப்பதுபோல அதைச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த முன்னறைக்குள் இறங்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தக் குளிர்ச்சி எனக்கானதல்ல என்று தெரிந்துவிட்டது. வேலூரில் என் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிற வரன்களைப் பற்றி அம்மா டிரங்க் காலில் சொல்லும்போது, ஒரு மனிதர் எழுந்து வெளியே போவதற்கு என்ன காரணம் வேண்டியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். கூரைதான் காரணம் என்று நம்புவது எவ்வளவு சௌகரியம். கூரையை மாற்றிவிடலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கத்திரி வெயில். மழை பொய்த்த வருஷம். தார் ரோடு இளகி, செருப்பு ஒட்டிக்கொண்டது. எனக்கு அன்று வார விடுமுறை. உச்சி வேளையில் வாசலில் சத்தம் கேட்டு இறங்கினேன். அடி அண்ணாமலைப் பக்கத்து விவசாயிகள் இரண்டு பேர் ஒருவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"புளியமரத்தாண்ட சுருண்டு விழுந்துட்டாரும்மா. இங்கதான் குளுமையா இருக்கும்னு கொண்டாந்தோம்."

அக்கா காலைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாயை உதறிப் போட்டார், ஜன்னல் தட்டியில் தண்ணீர் ஊற்றினார், ஈரத்துணியை என் கையில் கொடுத்தார்.

"நீ தொடச்சு விடு. வாயில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடு. உப்பு போட்டுக் குடு."

"நீங்க…"

"நீ செய்."

சமையலறைக்குப் போய்விட்டார். நான் நெற்றி, கழுத்து, உள்ளங்கால் எல்லாம் துடைத்துவிட்டேன். விவசாயிகள் விசிறினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கண் திறந்து உப்புத் தண்ணீர் குடித்தார். மூச்சு சீரானது. அப்படியே தூங்கிப்போனார். விவசாயிகள் கிளம்பினார்கள். நான் பின்கட்டுக்குப் போனபோது, அக்கா அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"தூங்கறாராம்மா?"

"நல்லாத் தூங்கறாருக்கா."

"வேர்க்குதா?"

"இல்ல."

தலையை ஆட்டினார். நான் பார்த்தவரையில் அவருடைய வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நேரம் இருந்ததில்லை. மதியம் முழுக்க அந்த அனலில் அசையாமல் உட்கார்ந்து, அடுத்த அறையில் ஒருவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலே ஜாலியைப் பார்த்தார், தரையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல எடம்" என்றார்.

அப்போது அக்கா வந்து கதவோரம் நின்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது, அது முகத்தில் தெரிந்தது. பதறவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை. மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். நான் போய்விடலாமா என்று யோசித்தேன். வழியில் அக்கா நின்றிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் அக்கா. "அன்னிக்கு 'உள்ள இருக்க முடியல'ன்னு சொல்லிட்டு எழுந்து போனீங்களே. வெயிலுக்குத்தானே சொன்னீங்க?"

அவர் உண்மையாகவே யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"அன்னிக்கு வெயில் அடிச்சுதா?" என்றார். "எனக்கு ஞாபகம் இல்லம்மா."

எந்தப் பெண்ணையும் பார்த்துச் சாமியார்கள் சொல்கிற 'அம்மா' அது.

"அடிச்சுது" என்றார் அக்கா. "ரொம்ப அடிச்சுது."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா வழிவிட்டார். அவர் மெதுவாகப் படியிறங்கி, தன் வழியே நடந்து போனார். அக்கா தம்ளரை எடுத்துப் போய்க் கழுவினார். சாயங்காலம் ஆனதும் வழக்கமான வரிசையில் ஜன்னல்களைத் திறந்தார். கடைசி ஜன்னலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

அடுத்த நாளும் தட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் கழித்துச் சாமியார் மறுபடி நடந்து வந்தார். நாங்கள் இருவரும் ஜன்னலில் இருந்தோம். புளியமரத்தடியில் அவர் சாலையைக் கடக்கவில்லை. இடது ஓரமாகவே வந்து, எங்கள் வாசலை ஒட்டி, எல்லா வாசலையும் தாண்டுவதுபோல இதையும் தாண்டிப் போனார்.

"முன்ன தள்ளிப் போனாரு" என்றார் அக்கா. "இப்ப யார் வீடோன்னு போறாரு."

நான் தோளைத் தொட்டேன். உடம்பு அனலாக இருந்தது. காய்ச்சல் இல்லை, பின்கட்டுச் சூடுதான்.

அந்தக் கார்த்திகைக்கு முன்னால் சாமியார் எங்கோ வடக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கிளம்புவதற்குள் முன்னறையை அக்கா ஒரு தையற்காரக் குடும்பத்துக்கு விட்டிருந்தார். கைக்குழந்தை ஒன்று இருந்தது. தரையில் வெறுந்துணியில் போட்டால் நடுப்பகலில்கூட அழாமல் தூங்கும். பிற்பாடு அக்கா அண்ணனோடு கீழ்பென்னாத்தூருக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கே போய் அவரைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த முன்னறை இல்லை. சாமியார் எங்கள் வாசலைத் தாண்டிப் போன அந்த வருஷம், ஆடி பிறந்த பிறகு ஒரு சாதாரணக் காலை. பௌர்ணமி இல்லை, விசேஷம் இல்லை. நான் ஷிப்டு முடிந்து வந்திருந்தேன். அக்கா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"மலையச் சுத்திட்டு வரலாம், வர்றியா?"

"வேண்டுதலாக்கா?"

"இல்ல. நான் சுத்துனதே இல்ல."

நான் நம்பவில்லை. பாதையிலேயே வீட்டை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, ஒருமுறைகூட இவர் சுற்றியதில்லை. சுற்றினால் அரை நாள் போய்விடும். அரை நாளில் யாராவது வந்துவிட்டுப் போய்விடலாம்.

நடந்தோம். பாதை வடக்கே திரும்பியதும் மலையை நிமிர்ந்து பார்த்தார், நின்றார். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் மலை ஒற்றை உச்சியாக நிற்கும். இங்கே தோளும் முதுகுமாக விரிந்து, வேறு மலையாக இருந்தது.

"இந்தப் பக்கம் இப்படியா இருக்கு?" என்றார்.

கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்று பார்த்தார். மறுபடி அது மாறியிருந்தது. அதற்குப் பிறகு அடிக்கடி நின்றார். அடி அண்ணாமலைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. ஓரத்தில் ஒரு சின்னக் கடை. தகரக் கூரை, பாட்டில் சோடா, வாழைப்பழத் தார். கடைக்காரப் பெண் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வெயில்ல ஏன் நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க பெரியம்மா."

அக்கா ஒரு கணம் தயங்கினார், யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தவர்போல. பிறகு உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். தகரம் மேலே படபடவென்று விரிந்து கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஐந்து நிமிஷம்கூட இருக்க முடியவில்லை. கூரையைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். கீற்று போடச் சொல்வார், மேற்கே தட்டி கட்டச் சொல்வார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோடாவைப் பாதி குடித்துவிட்டு, கடைக்காரப் பெண் தன் மாட்டைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே சுவரில் தலையைச் சாய்த்தார்.

வியர்வை கழுத்தில் இறங்கி ரவிக்கையை நனைத்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

"வேணாம்" என்றேன். பனையோலை விசிறி ஒன்று பெஞ்சில் கிடந்தது. அதை எடுத்து, காற்று முகத்தில் படாமல் கழுத்தில் படுகிற மாதிரி மெதுவாக வீசிக்கொண்டு, வெயில் தாழும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.